கிளேசியர் தேசியப் பூங்கா: ரூம் எந்தப் பக்கம் போடுவது?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இருக்கும் கிளேசியர் தேசியப் பூங்காவுக்குக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் விமான டிக்கெட்டை எடுத்துவிடுகிறார்கள். விமான நிலையம் காலிஸ்பெல்லில், அதாவது பூங்காவுக்கு மேற்கே இருக்கிறது. கிட்டத்தில் இருக்கட்டும் என்று நாலு ராத்திரிக்கும் மேற்கிலேயே அறை போட்டுவிடுவார்கள். கிட்டப் போய்ப் பார்க்க ஆசைப்பட்ட பனியாறு, அதாவது கிளேசியர், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பது அங்கே போனபிறகுதான் தெரியும்.

பூங்காவின் பரப்பு 4,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். நடுவே வடக்குத் தெற்காக மலைத்தொடர் நிற்கிறது. அதைக் குறுக்கே கடக்க பூங்காவுக்குள் ஒரே ஒரு சாலைதான்: 1933இல் திறக்கப்பட்ட கோயிங்-டு-த-சன் சாலை. நீளம் 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர். உச்சியில் லோகன் பாஸ் என்ற கணவாய், 6,646 அடி. எங்கும் நிற்காமல் ஓட்டினால் இரண்டு மணி நேரம் ஆகும். நிற்காமல் ஓட்டியவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே எந்தப் பக்கம் தூங்கி எழுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே எதைப் பார்க்கப்போகிறீர்கள் என்பதும் அமையும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பெயரை நம்பித் திரும்பிய பக்கமெல்லாம் பனியாறு தெரியும் என்று வந்தால் ஏமாற்றம்தான். 2015ஆம் ஆண்டு அளவீட்டின்படி, பனியாறு என்று கணக்கில் கொள்ளும் குறைந்தபட்ச அளவான 25 ஏக்கருக்கு மேல் மிஞ்சியிருந்தவை, பெயருள்ளவற்றில் 26 மட்டுமே. அவையும் உயரத்தில், மலை மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. நாம் வியந்து பார்க்கும் கத்தி முனைச் சிகரங்களும் அகன்ற பள்ளத்தாக்குகளும் நீள ஏரிகளும் பழைய பனியுகத்துப் பனியாறுகள் செதுக்கிவிட்டுப் போனவை.

## எதை வைத்து முடிவெடுப்பது

என்ன பார்க்க வேண்டும்? பனியாற்றின் காலடி வரை நடந்து போக வேண்டுமா, தூரத்திலிருந்து பார்த்தால் போதுமா, அல்லது மலைச் சாலையும் ஏரியுமே போதுமா? கிழக்கா மேற்கா என்பதில் பாதியை இந்தக் கேள்வியே தீர்த்துவிடும்.

கூட வருபவர்கள் எவ்வளவு நடப்பார்கள்? ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, தள்ளுவண்டிக் குழந்தை, பத்து மைல் நடக்கத் துடிக்கும் தம்பி என்று மூன்று வகையும் ஒரே காரில் இருந்தால், நடக்க முடியாதவர்களுக்கு ஏற்றபடி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நடப்பவர் எங்கிருந்தாலும் விடியற்காலையில் கிளம்பிப் போய்க்கொள்வார்.

எந்தத் தேதி? மலைச் சாலை முழுவதும் திறப்பது வழக்கமாக ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதிக்குள். பனியை வெட்டி அகற்றிய பிறகுதான் திறப்பார்கள் என்பதால் தேதியை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதற்கு முன் போனால் கிழக்கும் மேற்கும் தனித்தனிப் பூங்காக்கள் மாதிரிதான், தெற்கே யு.எஸ். 2 நெடுஞ்சாலையில் சுற்றிப் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை வரக்கூடும். சில நாட்களில் எதிர்மலையே தெரியாது. செப்டம்பர் முதல் இரண்டு வாரம் கூட்டம் குறைந்து வானம் தெளிந்திருக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. ஆனால் செப்டம்பர் நடுவிலிருந்து பூங்காவின் உள் விடுதிகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கும்.

சாப்பாடு எப்படி? சைவம் மட்டும் என்றால் இது சின்ன விஷயமில்லை.

| | மேற்கு (அப்கார், வெஸ்ட் கிளேசியர்) | செயின்ட் மேரி (கிழக்கு) | மெனி கிளேசியர் (கிழக்கு) |
|---|---|---|---|
| காலிஸ்பெல் விமான நிலையத்திலிருந்து | சுமார் அரை மணி | மலைச் சாலை திறந்திருந்தால் 2½ மணிக்கு மேல் | 3 மணிக்கு மேல் |
| பனியாறு | சாலையோரத்தில் இல்லை | ஜாக்சன் பனியாறு, தூரத்துக் காட்சி | கிரின்னல் பனியாறு, நடந்து போய் அருகில் |
| முதியவர்களுக்கு | மிக வசதி | வசதி, காற்று அதிகம் | ஏரிக்கரையும் படகும் மட்டும் |
| மளிகை, மருத்துவமனை | அருகில் | சிறு கடை மட்டும் | கிட்டத்தட்ட இல்லை |
| அறை கிடைப்பது | ஓரளவு எளிது | கடினம் | மிகக் கடினம் |
| சரியான மாதம் | ஜூன் முதல் செப்டம்பர் வரை | ஜூலை முதல் செப்டம்பர் நடு வரை | ஜூலை நடு முதல் செப்டம்பர் நடு வரை |

## மேற்கு: அப்கார், வெஸ்ட் கிளேசியர்

வசதி என்று பார்த்தால் இதற்குப் போட்டியே இல்லை. விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் கொலம்பியா ஃபால்ஸில் பெரிய சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. அரிசி, பால், தயிர், காய்கறி எல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பருப்புப் பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல் மட்டும் வீட்டிலிருந்து வர வேண்டும். சமையலறையோடு கூடிய வாடகை வீடுகளும் இந்தப் பக்கம்தான் அதிகம். பெரிய மருத்துவமனை காலிஸ்பெல்லில் இருக்கிறது என்பதும் வயதானவர்களோடு போகிறவர்களுக்கு ஒரு தெம்பு.

பார்க்க என்ன இருக்கிறது? பூங்காவிலேயே பெரிய ஏரியான மெக்டொனால்ட் ஏரி, சுமார் பத்து மைல் நீளம். அப்கார் கரையில் முழங்கால் தண்ணீரில் நின்று குனிந்தால் சிவப்பு, பச்சை, கருநீலக் கூழாங்கற்கள் தண்ணீருக்கடியில் துல்லியமாகத் தெரியும். கல் ஈரமாக இருக்கும்வரைதான் அந்த நிறம், காய்ந்தால் மங்கிவிடும். எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். ட்ரெயில் ஆஃப் த சீடர்ஸ் என்பது பழைய தேவதாரு மரங்களுக்கிடையே ஒரு மைலுக்கும் குறைவான சுற்று. சக்கர நாற்காலி போகும். அங்கிருந்தே பிரியும் அவலாஞ்சி ஏரிப் பாதை, போக வர 4.6 மைல், ஏற்றம் சுமார் 500 அடி. சாதாரணமாக நடப்பவர்கள் முடித்துவிடலாம். உயரம் குறைவு என்பதால் ஜூனிலேயே பெரும்பாலும் நடக்க முடிகிற பாதை இது.

கண்ணுக்குத் தெரியாத செலவு நேரம்தான். மேற்கிலிருந்து மெனி கிளேசியருக்குப் போக ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல். பதினொரு மைல் நடையை முடித்துவிட்டு, இருட்டில், வளைவுகள் நிறைந்த மலைச் சாலையில் அதே தூரத்தைத் திரும்ப ஓட்ட வேண்டும். ஒருநாள் செய்யலாம், இரண்டு நாள் செய்தால் விடுமுறை போன மாதிரியே இருக்காது.

ஜூனில் வருகிறீர்களா, சிறு குழந்தைகளோ முதியவர்களோ கூட இருக்கிறார்களா, இரண்டே ராத்திரிதானா? அப்படியானால் மேற்கில் தங்குங்கள், குழப்பமே வேண்டாம். ஒயிட்ஃபிஷ், காலிஸ்பெல் ஊர்களில் தங்குவதும் இதே கணக்குதான். உணவகங்கள் கூடுதல், அறைகள் எளிதாகக் கிடைக்கும், தினமும் ஒவ்வொரு வழிக்கும் அரை மணிக்கு மேல் கூடுதலாக ஓட்ட வேண்டும், அவ்வளவே.

## செயின்ட் மேரி

பலரும் கண்டுகொள்ளாத இடம் இது. மலைச் சாலையின் கிழக்கு வாசல். ஒரு பக்கம் லோகன் பாஸ் பதினெட்டு மைல். மறுபக்கம் பாப் என்ற சிற்றூர் வழியாக மெனி கிளேசியர் சுமார் முக்கால் மணி நேரம். இரண்டையும் பார்க்க நினைப்பவர்களுக்கு வரைபடத்தில் இதைவிடப் பொருத்தமான புள்ளி கிடையாது.

சாலையிலிருந்து காரை விட்டு இறங்கியதும் நன்றாகத் தெரிகிற பனியாறு ஜாக்சன் பனியாறு. அதன் பார்வையிடம் லோகன் பாஸுக்குக் கிழக்கே இந்தப் பக்கம் இருக்கிறது. பைனாகுலர் கட்டாயம். வெறும் கண்ணுக்கு மலைச்சரிவில் படிந்த அழுக்கு வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும். ‘இதற்காகவா வந்தோம்’ என்ற கேள்வி பின் சீட்டிலிருந்து வரும். பைனாகுலரில் பார்த்தால் பனியின் நீலமும் விரிசல்களும் பிடிபடும். நடக்க முடியாத பெற்றோருக்குப் பனியாறு காட்ட வேண்டும் என்றால் நேரே இங்கே கூட்டி வாருங்கள்.

லோகன் பாஸ் வாகன நிறுத்தம் முகூர்த்த நாளில் கல்யாண மண்டப வாசல் மாதிரி. ஜூலை, ஆகஸ்டில் காலை ஏழு, எட்டு மணிக்குள் நிரம்பிவிடும். செயின்ட் மேரியில் தங்குபவர் ஆறரைக்குள் மேலே இருக்கலாம். விடிகாலையில் எழுப்ப முடியாத குடும்பம் என்றால் மாலை நாலரைக்கு மேல் போங்கள். ஜூலையில் ஒன்பதரை வாக்கில்தான் சூரியன் மறைகிறது, அதனால் ஹிட்டன் லேக் பார்வையிடம் வரை நடந்து வர நேரம் தாராளமாக இருக்கும். போக வர 2.7 மைல், ஏற்றம் 460 அடி. மலையாடுகள் பாதையிலேயே குறுக்கே வரும். 25 கெஜம் தள்ளி நிற்பது விதி. ஜூலை நடு வரை இந்தப் பாதையில் பனி கிடக்கும். அடியில் பலகைப் பாதை இருக்கிறது என்று நம்பிச் சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூவில் போனவர்கள் வழுக்கி விழுவதைத் தினமும் பார்க்கலாம்.

குறை என்றால் காற்று. மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் காற்று செயின்ட் மேரி ஏரியின் மேல் ஓங்கி அடிக்கும். கூடாரம் போடுபவர்கள் எல்லா முளைகளையும் அடித்தே ஆக வேண்டும். வெளியே கேஸ் அடுப்பில் சமைக்கக் காற்றுத் தடுப்பு இல்லாவிட்டால் தேநீர்கூடக் கொதிக்காது. மேலும், 2015இல் ஏரியின் வடகரையில் பெரிய காட்டுத்தீ பரவியது. கருகிய மரங்கள் நிற்கும் சரிவுகளைச் சாலையோரம் இன்றும் பார்க்கலாம். சிலருக்கு அது மனசுக்கு ஒவ்வாது. ஆனால் மரம் போன இடத்தில் ஜூலையில் காட்டுப்பூ நன்றாகப் பூக்கும், ஏரியும் தடையில்லாமல் தெரியும்.

## மெனி கிளேசியர்

பனியாற்றைக் கிட்டப் போய்ப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு மாற்று யோசனையே வேண்டாம். 1915இல் ரயில் கம்பெனி கட்டிய, சுவிட்சர்லாந்து பாணி மரக்கட்டட ஓட்டல் ஸ்விஃப்ட்கரன்ட் ஏரிக்கரையில் நிற்கிறது. அங்கிருந்து கிளம்புவதுதான் கிரின்னல் பனியாற்றுப் பாதை.

முழு நடை போக வர 10.6 மைல், ஏற்றம் 1,600 அடிக்கு மேல். ஏரிகளில் ஓடும் இரண்டு படகுகளைப் பிடித்தால் 3.4 மைல் மிச்சமாகும். முதல் படகு ஸ்விஃப்ட்கரன்ட் ஏரியைக் கடக்கும். கால் மைல் நடந்து ஒரு சின்ன மேட்டைத் தாண்டினால் ஜோசஃபின் ஏரியில் இரண்டாவது படகு நிற்கும். காலையின் முதல் படகுக்குச் சீட்டு வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். அறை உறுதியான கையோடு படகுச் சீட்டையும் எடுத்துவிடுங்கள்.

பாதையில் எங்கே சிரமம் என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. நடுவே ஓரிடத்தில் பாறைச் சுவரை ஒட்டிப் படிபோல ஏற வேண்டும். மேலிருந்து ஓடை நீர் தலையிலேயே கொட்டும், காலடியில் கல் வழவழவென்று இருக்கும், ஒரு பக்கம் சரிவு. மழைச் சட்டையைக் கையில் வைத்திருங்கள்; போனையும் கேமராவையும் அதற்கு முன்பே உள்ளே போட்டுவிடுங்கள். கடைசிக் கால் மைலுக்குச் சற்றுக் கூடுதலான தூரம் பனியாறு தள்ளிக் குவித்த கல்மேடு. மூச்சு வாங்குவது அங்கேதான். மேலே ஏறி நின்றால் முன்னே பால் கலந்த பச்சை நிறத்தில் ஏரி, அதில் மிதக்கும் பனிக்கட்டிகள், அதற்கப்பால் பனியாறு. பனி நகரும்போது பாறையை அரைத்து மாவாக்குகிறது. அந்த மாவு தண்ணீரில் கரையாமல் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. பனியின் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். மேலே புதுப்பனி மூடியிருக்கும் விரிசல் வெளியே தெரியாது.

ஜூலை நடுவுக்கு முன் இந்தப் பாதை முழுதும் திறப்பது அரிது. சரிவில் கெட்டிப்பனி கிடந்தால் பாதையைப் பாதியிலேயே மறித்துவிடுவார்கள். ஜூன் விடுமுறையில் மெனி கிளேசியர் அறைக்குக் கூடுதல் காசு கொடுத்து, கிரின்னல் ஏறாமல் திரும்புகிறவர்களும் உண்டு. அந்தத் தேதியில் அதே காசுக்கு மேற்கில் இரண்டு ராத்திரி தங்கலாம்.

மற்றக் குறைகளையும் சொல்லியாக வேண்டும். பூங்காவின் வழக்கமான ஷட்டில் பஸ் மலைச் சாலையில்தான் ஓடும். இந்தப் பள்ளத்தாக்குக்கு வராது. பழைய ஓட்டலில் ஏசி கிடையாது, டிவி கிடையாது, சுவர் மெலிசு. அறையில் சமைக்க முடியாது. பக்கத்திலிருக்கும் சிக்கனமான கேபின்களில் சிலவற்றுக்குக் கழிப்பறை வெளியேதான். ராத்திரி நாலு தடவை எழும் பெரியவர்களுக்கு அது ஒத்துவராது, கரடி உலாவும் பள்ளத்தாக்கு வேறு. உள் விடுதிகளுக்கு 13 மாதம் முன்பே பதிவு திறக்கும். பிந்தினால் தினமும் ஒருமுறை பக்கத்தைத் திறந்து, ரத்தான அறை ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. கிடைப்பதும் உண்டு, குறிப்பாகப் பயணத்துக்கு ஓரிரு வாரம் முன்பு.

## ரயிலில் வந்து ஈஸ்ட் கிளேசியரில் இறங்கினால்

சிகாகோவுக்கும் சியாட்டிலுக்கும் இடையே ஓடும் எம்பயர் பில்டர் ரயில் பூங்காவின் தெற்கு விளிம்பை ஒட்டிப் போகிறது. சியாட்டிலில் சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலையில் வெஸ்ட் கிளேசியர், அதைத் தாண்டிக் கோடையில் மட்டும் ஈஸ்ட் கிளேசியர். ரயில் பயணமே ஒரு சுகம் என்பவர்களுக்குச் சரி. இறங்கிய பிறகு கார் இல்லாவிட்டால் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும், ரயில் மணிக்கணக்கில் தாமதமாவதும் சகஜம். ஈஸ்ட் கிளேசியரை ஒட்டிய டூ மெடிசின் பகுதி அழகு, கூட்டமும் குறைவு. ஒரு பகல் வந்து போகலாம். முதல் தடவை வருகிறவர் நாலு ராத்திரியும் அங்கேயே தங்க வேண்டியதில்லை.

## எந்தப் பக்கம் தங்கினாலும் வரும் செலவுகளும் சிக்கல்களும்

நுழைவுக் கட்டணம் கோடையில் ஒரு காருக்கு ஏழு நாளுக்கு 35 டாலர். 2026 ஜனவரி முதல், அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் விதிக்கப்படும் பதினொரு பூங்காக்களில் இதுவும் ஒன்று. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால் இதைக் கணக்கில் சேருங்கள். மலைச் சாலைக்கு முன்பதிவு வேண்டும் என்ற விதி 2021இல் வந்தது; அதன்பின் வருடா வருடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். போன வருடம் போய் வந்த நண்பர் சொல்வதை நம்பாமல், தேசியப் பூங்கா சேவையின் இணையதளத்தில் அந்த வருட விதியைப் பாருங்கள்.

வண்டியின் நீளம் பம்பர் முதல் பம்பர் வரை 21 அடிக்கு மேலோ, அகலம் கண்ணாடிகளோடு சேர்த்து 8 அடிக்கு மேலோ இருந்தால் மலைச் சாலையின் நடுப்பகுதியில் விடமாட்டார்கள். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து 15 பேர் வேன் எடுக்கும்போது மாட்டிக்கொள்வது இதில்தான். அவற்றில் நீளமானவை 21 அடியைத் தாண்டிவிடும். இரண்டு எஸ்யூவியாக எடுத்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் இல்லை, பெரும்பாலான இடங்களில் போன் சிக்னலும் இல்லை. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

கரடி ஸ்பிரேயை (கரடி தாக்க வந்தால் அதன் முகத்தில் அடிக்கும் மிளகாய்க் காரத் தெளிப்பான்) விமானத்தில் கொண்டுபோக முடியாது, செக்-இன் பையில்கூட. அங்கே போய் வாங்க வேண்டும், அல்லது மேற்கில் வாடகைக்கு எடுக்கலாம். கிழக்கில் தங்குபவர்களும் வழியிலேயே எடுத்துவிடுவது நல்லது. பைக்குள் அடியில் கிடந்தால் பிரயோஜனமில்லை; இடுப்பிலோ தோள்பட்டையிலோ கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். கரடியை எச்சரிக்க மணி கட்டிக்கொண்டு நடப்பதால் பெரிய பலன் இல்லை. வளைவுகளில் சத்தமாகப் பேசுங்கள், கை தட்டுங்கள்.

முகாமில் சமைப்பவர்களுக்கு: புளியோதரை டப்பா, ஊறுகாய் பாட்டில், கழுவாத குக்கர், பற்பசை எல்லாமே கரடிக்கு வாசனைப் பொருள்தான். கையை விட்டு நகர்ந்தால் அனைத்தும் காருக்குள்ளோ இரும்புப் பெட்டிக்குள்ளோ போயாக வேண்டும். மேசையில் விட்டுப்போனால் அபராதம். மெனி கிளேசியர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. குக்கரை எடுத்துப்போங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவின் வாட்டர்டன் பூங்கா கூப்பிடு தூரத்தில் இருப்பதாக வரைபடம் காட்டும். இந்தியப் பாஸ்போர்ட்டில் எச்1பி விசாவோடு இருப்பவருக்குக் கனடா விசா தனியே வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர் அதையும் பாஸ்போர்ட்டையும் காட்டினால் போதும். சீஃப் மவுன்டன் எல்லைச் சாவடி கோடையில் மட்டுமே திறக்கும், ராத்திரி மூடிவிடும்.

## நாலு ராத்திரியைப் பிரிப்பது

ஜூலை நடுவுக்கும் செப்டம்பர் நடுவுக்கும் இடையே வருகிறவர்கள், நடக்கக்கூடியவர்கள் என்றால், மேற்கில் ஒன்று, கிழக்கில் மூன்று. விமானம் இறங்கிய அன்று கொலம்பியா ஃபால்ஸில் மளிகை வாங்கி அப்காரில் தூங்குங்கள். மறுநாள் விடியலில் மூட்டை முடிச்சோடு மலைச் சாலையில் ஏறி, லோகன் பாஸ் பார்த்து, ஜாக்சன் பார்வையிடத்தில் நின்று, செயின்ட் மேரியில் இறங்குங்கள். கிரின்னலை மூன்றாம் நாளுக்கு வைத்தால் மழை வந்தால் நாலாம் நாளுக்குத் தள்ளலாம். மெனி கிளேசியரில் அறை கிடைத்தால் அந்த மூன்றில் இரண்டை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் செயின்ட் மேரியிலிருந்தே போய் வரலாம், பெரிய நஷ்டமில்லை.

முதியவர்களோடு என்றால் மேற்கில் இரண்டு, செயின்ட் மேரியில் இரண்டு. எந்தத் திட்டமானாலும் காலை விமானம் என்றால் கடைசி ராத்திரி மட்டும் கிழக்கில் வேண்டாம். மலைச் சாலையில் ஒரு கல் உருண்டாலோ மழையில் மண் சரிந்தாலோ மூடிவிடுவார்கள். பிறகு யு.எஸ். 2 வழியாகச் சுற்றித்தான் காலிஸ்பெல் வர வேண்டும். செயின்ட் மேரியிலிருந்து அதற்கு மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.